ஆறு மணித்தியாலப் பகல்

காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்ததும் அருள்நாயகம் எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பதில்லை. போனைப் பார்ப்பார்.

போனில் ஒரு எண் இருக்கும். பக்கத்தில் ஒரு அம்பு, கீழே ஒரு கோடு. எண் அவருடைய மனைவி சந்திரவதனாவின் இரத்தத்தில் உள்ள சீனி. அவளுடைய இடது மேற்கையில் ஒரு நாணயக் குத்தியளவு வில்லை ஒட்டியிருந்தது. அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவளுடைய போனுக்குச் சொல்லும். அந்தப் போன் கடல் தாண்டி இவருக்குச் சொல்லும். அவள் நோர்வேயின் வடக்கு முனையில், ட்ரொம்சோ என்ற நகரத்தில், அக்கா ரோகிணி வீட்டில் இருந்தாள். இவர் கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் இருந்தார்.

"எத்தினை அண்ணை?" என்றான் அகஸ்ரின். அவன் ரோல்ஸ் சுற்றுகிறவன். பதினொரு வருடமாக அதே மேசையில் நின்று சுற்றுகிறான்.

"ஏழு தசம் ரெண்டு."

"பாஸ்."

"பொறு. அங்கத்தை நேரம் எட்டு மணிக்கு ஒரு ஏத்தம் கிடக்கு. கிடுகிடெண்டு ஏறி, கிடுகிடெண்டு இறங்கியிருக்கு. உது புட்டு. அதில இருந்து ஒரு மணித்தியாலம் செண்டு சின்ன மேடு ஒண்டு. வாழைப்பழம்."

"கறி என்னண்டு சொல்லேலாதோ?"

"கறிக்குச் சீனி ஏறாது, விசரா."

முப்பது வருடம் சமைத்த கை. எந்த மா எவ்வளவு வேகமாக இரத்தத்துக்குள் போகும் என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படிக்கவில்லை. வதனா போன முதல் மூன்று நாளிலேயே கோட்டைப் பார்த்துச் சாப்பாட்டைச் சொல்லப் பழகிவிட்டார். அரிசிமா நேரே ஏறும். எண்ணெய்ச் சாமான் பதுங்கியிருந்து பிந்தி ஏறும். நாலாம் நாள் அவர் போன் எடுத்து, "பின்னேரம் பற்றிஸ் ரெண்டு சாப்பிட்டனீர், என்ன?" என்று கேட்டார்.

"ஒண்டரை," என்றாள் வதனா. "மற்றப் பாதி அக்கா."

அவளைப் போகவிட்டதே இவருடைய பொறுப்பில்தான்.

மகள் நிலக்சி பிக்கரிங்கில் இருக்கிறாள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்செட் பார்க்கில் இவர்களுடைய அப்பார்ட்மென்றுக்கு வந்து, மேசையில் ஒரு தாளை வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறைத் தரையில் அம்மாவைக் கண்டெடுத்தவள் அவள். அன்று சீனி 2.6. அதற்குப் பிறகு நிலக்சி எதையும் வாயால் சொல்வதில்லை, தாளில் எழுதித்தான் கொண்டுவருவாள்.

"இன்சுலின் ரெண்டு பையில. ஒண்டு காணாமல் போனாலும் மற்றது இருக்கும். டொக்டரின்ர கடிதம் இது. இன்சூரன்ஸ் நம்பர் இது. குளுக்கோஸ் வில்லை எல்லாப் பொக்கற்றிலயும் இருக்கோணும், கோட் மாத்தினால் அதையும் மாத்தோணும். சப்பாத்துக்கடியில கொழுவுற இரும்புப் பல்லு வாங்கியிருக்கிறன். அங்க ரோட்டெல்லாம் ஐஸ். இன்சுலின் உறையக் கூடாது, அம்மா. உறைஞ்சால் அது வெறும் தண்ணி."

"சட்டைக்குள்ள வைச்சிருக்கிறன்."

"எயார்போர்ட்டில வீல்செயர் புக் பண்ணியாச்சு. போகேக்கையும் வரேக்கையும்."

"என்னை உருட்டிக்கொண்டு போறதோ?"

"ஓம். உருட்டிக்கொண்டுதான்." நிலக்சி கடைசி வரியில் விரலை வைத்தாள். "நம்பர் நாலுக்குக் கீழ ஒருக்காப் போனாலும் அடுத்த பிளைட்டில வாறீங்கள். அதுக்குப் பிறகு தனிய ஒரு இடமும் போறேல்லை. ஐ மீன் இற்."

வதனா தாளைப் பார்க்கவில்லை. அக்காவை அவள் கண்டு முப்பத்துமூன்று வருடம். ரோகிணி அகதியாகப் போய், மீன் பதனிடும் பக்டரியில் வேலை எடுத்து, அங்கேயே இருந்துவிட்டவள். அவளுக்கு இடுப்பு ஏலாது, பிளேனில் இருக்கமுடியாது. போவதென்றால் வதனாதான் போகவேண்டும்.

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்," என்றார் அருள்நாயகம். "நாலுக்குக் கீழ போகாது. நான் பொறுப்பு."

அந்த வாரம் முழுக்க வதனா இரும்புப் பல்லைக் கொழுவிக்கொண்டு பதினோராம் மாடி நடையோடையில் நடந்து பழகினாள். கட்டடத்தைப் பார்க்கிற சுப்பரின்ரென்டன் வந்து கம்பளம் கிழிகிறது என்றான். "ஐஸ் இல்லை, நான் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு சுற்று நடந்தாள்.

ட்ரொம்சோவில் முதல் ஆறு நாள் ஒழுங்காகப் போனது. எண் ஆறுக்கும் பத்துக்கும் இடையில் ஏறி இறங்கியது. அங்குள்ள தமிழர்கள் விருந்துக்கு வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாய் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டித் தாருங்கோ என்று வாங்கி, அக்காவின் பிரிஜ்ஜில் அடுக்கினாள். வழுக்கி விழவில்லை. சலரோகக்காரி பனிநாட்டில் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு படம் பிடித்தால் அவளைத்தான் பிடிக்கவேண்டும் என்று அகஸ்ரின் சொன்னான்.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை.

காலை ஏழு மணிக்கு அருள்நாயகம் போனைப் பார்த்தார். 5.9. அம்பு நேராக இருந்தது. விடியப்புறத்துச் சின்ன மேடு ஒன்றுக்குப் பிறகு கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இருந்தது. அதே நேரம் நிலக்சியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவளுடைய போனிலும் அதே கோடு தெரியும். பெருவிரல் படம் மூன்று போட்டு, "அம்மா கலக்கிறா" என்று எழுதியிருந்தாள்.

"பாருங்கோ, நேர்கோடு," என்றான் அகஸ்ரின். "வரலாற்றுச் சாதனை."

அருள்நாயகம் கரண்டியைக் கீழே வைத்தார்.

ட்ரொம்சோவில் அப்போது மத்தியானம் ஒரு மணி. தமிழ் வீடு. தீபாவளிக்கு இரண்டு நாள் கிடக்கிறது. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு வந்த தங்கச்சி. அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து ஒரு மேடுகூட ஏறாமல் ஒரு கோடு இருக்குமென்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

பின்கதவைத் திறந்து குப்பைத் தொட்டிப் பக்கம் போய் போன் எடுத்தார்.

"இஞ்சேரும். காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"ஏன், நம்பர் நல்லாத்தானே கிடக்கு?"

"கனக்க நல்லாக் கிடக்கு. அதுதான் கேக்கிறன்."

மறுமுனையில் ரோகிணியின் குரல் கேட்டது. "பிடிச்சிட்டாரோ?" பிறகு சிரிப்பு.

"கௌரி விரதம்," என்றாள் வதனா. "கடைசி மூண்டு நாள் பிடிக்கிறன். அக்காவும் நானும்."

இன்சுலின் தொடங்கிய அன்றே டொக்டர் விரதம் வேண்டாம் என்றவர். மூன்று வருடமாக அவள் பிடிக்கவில்லை. மூன்றாம் வருடம் இவருக்கு நெஞ்சு நொந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ற் வைத்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அவள் வாயால் சொன்னதில்லை. ஆனால் இவருக்குத் தெரியும். கேதாரகௌரி விரதம் புருஷனுக்காகப் பிடிப்பது.

"என்ர நெஞ்சுக்குக் கம்பி வைச்சது டொக்டர். அம்மனில்லை."

"டொக்டரை ஆர் அனுப்பினது?"

"வதனா. விசர்க்கதை கதையாதையும். நிலக்சி அறிஞ்சால் இண்டைக்கே ரிக்கற் போடுவாள்."

"ஒரு நிமிசம் கேளுங்கோ. நான் என்ன விசரியே? பொழுது விடியேக்கை தொடங்கிப் பொழுது படேக்கை முடிக்கிற விரதம். அங்க உங்களுக்கு எத்தினை மணித்தியாலம் பகல்?"

"பத்து."

"இஞ்ச எட்டரைக்கு விடியும். ரெண்டரைக்குப் படும். ஆறு மணித்தியாலம்."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ஆறு மணித்தியாலம் எண்டால் மத்தியானச் சாப்பாடு பிந்தின மாதிரித்தான். விடிய முன்னம் ஏழு மணிக்கு எழும்பி ஓட்ஸ் சாப்பிடுறன். மூண்டு மணிக்குச் சோறு. வெளிக்கிட முன்னம் கிளினிக் நேர்ஸிட்டைக் கேட்டனான். ஆறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கவேண்டி வந்தால் எவ்வளவு ஊசி எண்டு. தாளில எழுதித் தந்தவ. பாதி."

"விரதம் எண்டு சொன்னனீரோ?"

"பிளேன் எண்டு சொன்னனான்."

குப்பைத் தொட்டிக்கு மேல் ஒரு கடற்காகம் வந்து இருந்தது. அருள்நாயகம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேதியை அவள்தான் தெரிந்தெடுத்தாள் என்பது நினைவு வந்தது. ஜூனில் போ, வெயில் இருக்கும் என்று நிலக்சி எவ்வளவோ சொன்னாள். ஜூனில் அங்கே சூரியன் படுவதே இல்லை.

"நீர் உதுக்கெண்டேதான் நவம்பர் எண்டனீர்."

"ஓம்."

"நாலரைக்கு வந்தாலே குளுக்கோஸ் போடோணும். விரதம் முறிஞ்சாலும் பரவாயில்லை."

"நாலு தசம் அஞ்சுக்கு. ஓம். சத்தியமா."

அவர் உள்ளே வந்தார். நிலக்சிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது பாரமாக இருந்தது. அன்று உழுந்துவடைக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார்.

சனிக்கிழமையும் கோடு நேராகவே இருந்தது. ஒன்பதரைக்கு, அங்கே மூன்றரை, ஒரு மேடு ஏறியது. சோறு. அவர் மூச்சு விட்டார். பிறகு அடுப்படியில் நின்று கொஞ்சம் யோசித்தார்.

"அகஸ்ரின். நாளைக்கு ருசி நீதான் பாக்கோணும்."

"ஏன்?"

"நானும் பிடிக்கப்போறன்."

அகஸ்ரின் கையில் இருந்த ரோல்ஸைக் கீழே விட்டான். "அண்ணை, நீங்கள் பத்தரைத் தேத்தண்ணி பத்தே முக்காலானால் என்னோட சண்டை பிடிக்கிற ஆள்."

"தெரியும்."

"உது புருசனுக்குப் பிடிக்கிறதெல்லோ? உங்களுக்கு நீங்களே பிடிக்கிறதோ?"

"அவ எனக்குப் பிடிக்கட்டும். நான் அவவுக்குப் பிடிக்கிறன்."

"அப்ப எனக்கு ஆர் பிடிக்கிறது?" என்றான் அகஸ்ரின். "பெரிய வெள்ளிக்கே நான் மத்தியானம் சாப்பிட்டுடுவன்."

ஞாயிறு. தீபாவளி. நானூறு வடை, முன்னூறு முறுக்கு, மோதகம் இருநூறு. ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டினார்கள். அருள்நாயகம் தன் குளிசைகளைத் தண்ணீரோடு போட்டார். ஏழு மணிக்குச் சூரியன் வந்தது. ஏழேகாலுக்கே அவருக்குப் பசித்தது.

ஏழரைக்கு நிலக்சி வந்தாள். பிக்கரிங்கில் சிநேகிதர் வீடுகளுக்கு வடை கொண்டுபோக வந்தவள். குசினிக்குள் வந்து ஒரு வடையைக் கடித்தாள்.

"அப்பா, உப்பு சரி. அதிசயம்."

"அகஸ்ரின் பாத்தவன்."

"நீங்கள் பாக்கேல்லையோ?"

"இல்லை."

நிலக்சி மெல்லுவதை நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள். அடுப்புக்கு மேல் தட்டில் இருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். அது காலியாக, காய்ந்து இருந்தது. சுவரில் இருந்த தமிழ்க் கலண்டரைப் பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளைதான். ஆனால் பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் வளர்ந்தவள்.

"கௌரி காப்பு இண்டைக்கு," என்றாள். "அம்மாவும் பிடிக்கிறாவோ?"

அவர் வடையைத் திருப்பினார்.

"அப்பா."

"மூண்டு நாளா."

"மூண்டு நாளா? அந்த நேர்கோடு… ஓ மை கோட். நான் தம்ஸ்-அப் போட்டனான்!" அவள் போனை இழுத்து எடுத்தாள். "சீரியஸா, அப்பா? நீங்கள்தானே பொறுப்பு எண்டனீங்கள்?"

"பாரும். நேற்றும் முந்தநாளும் அஞ்சுக்குக் கீழ போகேல்லை. அங்க பகல் ஆறு மணித்தியாலந்தான். நேர்ஸிட்டைக் கேட்டு ஊசியைப் பாதியாக்கி…"

"நாலு தசம் ஆறு," என்றாள் நிலக்சி.

அவர் எட்டிப் பார்த்தார். 4.6. அம்பு கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. ட்ரொம்சோவில் ஒன்று நாற்பது. பொழுது பட இன்னும் ஐம்பது நிமிடம் கிடக்கிறது. நேற்று இதே நேரம் 5.8. இன்று என்ன வித்தியாசம்? அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. நடக்கிறாள். எங்கேயோ ஏற்றத்தில் நடக்கிறாள்.

"போன் அடியும், அம்மாவுக்கு அடியும்."

நிலக்சி அடித்தாள். மணி போகவில்லை. ஒரு பெண் குரல் நோர்வே மொழியில் என்னவோ சொன்னது. திரும்பப் போனில் கோட்டைப் பார்த்தாள். 4.3. அதற்குப் பிறகு கோடு இல்லை. எண் இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடு மட்டும்.

"என்ன உது? ஏன் நிண்டுட்டுது?"

"குளிர்," என்றான் அகஸ்ரின். "குளிருக்குப் போன் செத்துப்போகும். பெப்ரவரியில பஸ் ஸ்ரொப்பில எனக்கு நடக்கிறது."

ரோகிணியின் கைத்தொலைபேசிக்கு அடித்தார்கள். மணி போனது. ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. தாளில் எல்லாம் எழுதியிருந்தாள் நிலக்சி. இரண்டு பை, கடிதம், இரும்புப் பல். போனையும் சட்டைக்குள் வைக்கவேண்டும் என்று எழுதவில்லை.

அவள் இன்சூரன்ஸ் நம்பருக்கு அடித்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. பிறகு பியானோ. ஸ்பீக்கரில் போட்டு வடை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எண்ணெய் கருகத் தொடங்கியது. அகஸ்ரின் அடுப்பை நிறுத்தினான். தீபாவளிக் காலையில் அந்தக் குசினி அடுப்பு நின்றது அதுதான் முதல்தரம். முன்பக்கத்தில் சனம் வரிசையில் நின்றது. ஒருவர் எட்டிப் பார்த்து, "வடை வருமோ, வராதோ?" என்றார். "வரும், வரும், அம்மனிட்டை நேர்ந்துகொள்ளுங்கோ," என்றான் அகஸ்ரின்.

"நான் விட்டிருக்கக் கூடாது," என்றாள் நிலக்சி. அவளுடைய குரல் சின்னதாகிவிட்டது. "நீங்களும் சொல்லியிருக்கோணும்."

"ஓம். சொல்லியிருக்கோணும்."

அருள்நாயகம் கோடு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தாறு வருடமாக அவளைத் தெரியும். சத்தியம் என்று சொன்னால் செய்கிறவள். நாலரைக்கு வந்தால் குளுக்கோஸ் என்றாள். ஆனால் எண்ணைச் சொல்லும் போனே செத்துவிட்டால் நாலரை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பியானோ இருபது நிமிடம் அடித்தது.

எட்டு மணி பதினைந்து நிமிடத்துக்கு நிலக்சியின் போன் ஒருமுறை அதிர்ந்தது. இரண்டு சிறு கோடு மறைந்தது. எண் வந்தது.

6.8. அம்பு மேல்நோக்கி.

பிறகு, விட்ட இடத்திலிருந்து, கோடு தானாகக் கீறத் தொடங்கியது. கையில் இருந்த வில்லை ஒன்றையும் மறக்கவில்லை. போன் செத்திருந்த அவ்வளவு நேரமும் அது எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. புள்ளி புள்ளியாக வந்தது. மூன்று பேரும் ஒரு போனுக்கு மேல் குனிந்தார்கள்.

4.3.

4.2.

"நாலுக்குக் கீழ போகாதே," என்றாள் நிலக்சி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

4.1.

4.1.

4.5.

5.4.

"நேரா ஏறுது!" என்று கத்தினார் அருள்நாயகம். "வளைவில்லாமல் ஏறுது, பார். உது சோறில்லை, பழமில்லை. உது குளுக்கோஸ் வில்லை. நாலு வில்லை! நாலு போட்டிருக்கிறாள்!"

அருள்நாயகத்தின் போன் அடித்தது. வதனா. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன, இருபத்தெட்டு தரம் அடிச்சிருக்கிறியள்?" மூச்சு வாங்கியது. பின்னால் யாரோ சப்பாத்திலிருந்து இரும்புப் பல்லைக் கழற்றித் தரையில் போடும் சத்தம். "போன் செத்துப்போச்சு. அக்கா தன்ர போனைச் சார்ஜில விட்டிட்டு வந்திட்டா. இப்பதான் வீட்டுக்குள்ள வாறம்."

"எத்தினை வில்லை போட்டனீர்?"

"நாலு."

அகஸ்ரின் கரண்டியால் சட்டியில் ஓங்கி அடித்தான். முன்பக்கத்தில் வரிசையில் நின்ற சனம், என்னவென்று தெரியாமலே கை தட்டியது.

"அம்மா," என்றாள் நிலக்சி. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நாலு தசம் ஒண்டு. ஃபோர் பொயின்ற் வன். எப்பிடித் தெரியும் உங்களுக்கு? போன் இல்லை, நம்பர் இல்லை…"

"முழங்கால் நடுங்கினது. காதுக்குள்ள இரைஞ்சுது. போன் வாறதுக்கு முதல் இருபது வருசமா நான் உதோட இருக்கிறன், பிள்ளை. என்ர உடம்பை நான் அறியேனோ?"

"எங்க போனனீங்கள்?"

"பொழுது படுறதைக் கண்ணால பாக்க. மேட்டுக்கு ஏறினம். கலண்டரில ரெண்டரை எண்டு கிடக்கு. போய்ப் பாத்தால் இஞ்ச நாலு பக்கமும் மலை. ஒண்டு நாப்பதுக்கே சூரியன் மலைக்குப் பின்னால போட்டுது."

"ஸோ?"

"ஸோ என்ன? சூரியனைக் காணேல்லை. பொழுது பட்டிட்டுது. அக்காவும் ஓமெண்டவ. அந்த நேரந்தான் முழங்கால் நடுங்கினது. வில்லையைப் போட்டன். விரதம் முடிஞ்சுது, முறியேல்லை."

"மலை மறைச்சால் அது சன்செற் இல்லை, அம்மா!"

"நீர் வந்து பாத்தனீரோ?"

நிலக்சி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கி, மாச்சாக்கின் மேல் இருந்து சிரித்தாள்.

இன்சூரன்ஸ்காரி அப்போதுதான் வந்தாள். எப்படி உதவலாம் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், தீபாவளி வாழ்த்துக்கள் என்று சொல்லி நிலக்சி வைத்தாள்.

"அப்பாவும் விரதம், தெரியுமோ?" என்றாள் அம்மாவிடம்.

"ஆர்? அவரோ?"

"ஓம்," என்றார் அருள்நாயகம். "நானோ எண்டு ஏன் கேக்கிறீர்?"

"ஆருக்கு?"

"உமக்கு."

"அங்க எத்தினைக்குப் பொழுது படும்?" என்றாள் வதனா. குரல் மாறியிருந்தது.

"அஞ்சுக்கு."

"இப்ப?"

"எட்டு இருபது."

"ஐயோ. எனக்கு முடிஞ்சுது. உங்களுக்கு இப்பதான் தொடங்கியிருக்கு." அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அங்க மலை இருக்கோ?"

ஸ்காபரோவில் மலை இல்லை. அருள்நாயகம் நானூறு வடையும் சுட்டார். மோதகம் அவித்தார். பாயாசத்துக்கு முந்திரிகை வறுத்தார். பத்தரைக்குத் தேநீர் மணத்தது. இரண்டு மணிக்கு அகஸ்ரின் அவருக்கு முன்னால் நின்றே ஒரு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, "மன்னிக்கோணும் அண்ணை, நான் வேதக்காரன்," என்றான். நாலு ஐம்பதுக்குப் பின்கதவால் வெளியே போய், பிளாசா கூரைக்கு மேல் சூரியன் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூரைக்குப் பின்னால் அது போனது. நேரம் நாலு ஐம்பத்துமூன்று.

"போட்டுது, அண்ணை," என்றான் அகஸ்ரின். "கூரையும் மலைதான்."

"இல்லை," என்றார் அருள்நாயகம். "அஞ்சு மணி."

நின்றார். ஐந்து மணி ஆகும்வரை நின்றார். பிறகு ஒரு மோதகத்தை எடுத்தார். முப்பது வருடச் சமையலில் தன் கையால் செய்த ஒன்று இவ்வளவு ருசியாக இருந்ததில்லை.

புதன்கிழமை பின்னேரம் பியர்சன் விமான நிலையத்தில் அவரும் நிலக்சியும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். நிலக்சி ஒரு குளுக்கோஸ் பெட்டியும், தண்ணீர்ப் போத்தலும், ஒரு போர்வையும் கொண்டுவந்திருந்தாள்.

"பிளேன் இறங்கி அம்பது நிமிசம்," என்றாள். "வீல்செயர் வந்துதோ தெரியேல்லை. நான் உள்ள கேக்கட்டோ?"

"ஆறு தசம் நாலு," என்றார் அவர் போனைப் பார்த்து. "அம்பு நேரா. சாண்ட்விச் ஒண்டு சாப்பிட்டிருக்கிறாள். பாதி."

கதவு திறந்தது. சனம் வந்தது. பிறகு ஒரு வீல்செயர் வந்தது. அதில் ஆள் இல்லை. ஒரு பெரிய பை, அதன் மேல் ஒரு சின்னப் பை, அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெட்டி. பெட்டியின் உச்சியில் ஒரு சோடி இரும்புப் பல். வீல்செயரைத் தள்ளவேண்டிய சீருடைப் பெடியன் ஒரு பக்கமாக, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடந்து வந்தான். தள்ளியவள் சந்திரவதனா.

நேராக நடந்து வந்தாள். மூக்கு நுனி குளிருக்குத் தோலுரிந்து சிவந்திருந்தது. வேறு ஒரு சேதமும் இல்லை.

நிலக்சி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்தபடியே கையை நீட்டி அம்மாவின் கோட் பொக்கற்றைத் தடவிப் பார்த்தாள். வில்லை இருந்தது. மற்றப் பொக்கற்றிலும் இருந்தது.

"அதுக்குள்ள சோதனையோ?" என்றாள் வதனா.

பிறகு அவரிடம் வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு மடித்த கடதாசியை எடுத்தாள். அதற்குள் கௌரிக் காப்பு நூல். ரோகிணியும் அவளும் வைத்துப் பூசை செய்தது.

"வலக்கை."

அவர் நீட்டினார். எண்ணெய் தெறித்த தழும்புகள் நிறைந்த கை. அந்த வருகைக் கூடத்தின் நடுவில், சனம் சுற்றிப் போக, அவள் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"அஞ்சு மணி வரைக்கும் நிண்டனீங்களாம், அகஸ்ரின் சொன்னான்," என்றாள். "கூரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லையாம்."

"ஓம்."

"அடுத்த வருசம் நீங்களும் வாங்கோ. அங்கத்தைப் பகல் உங்களுக்கும் ஏலும்."

"ஆறு மணித்தியாலமோ?" என்றார் அருள்நாயகம். "நான் பத்துப் பிடிச்சவன்."

சீருடைப் பெடியன் இன்னும் நின்றான். வீல்செயரைக் காட்டி, இது யாருக்காகப் பதிந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டான். கையொப்பம் வேண்டுமாம்.

நிலக்சி பேனையை வாங்கினாள். அம்மாவைப் பார்த்தாள். நாற்காலியில் குந்தியிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"பெட்டிக்கு," என்று சொல்லிவிட்டுக் கையொப்பம் வைத்தாள்.